வலி இல்லாத அந்த ஒரு மணி நேரம்

கடைசி நிறுத்தத்தில் பயணிகள் எல்லோரும் இறங்கிப் போன பிறகு, பூனையக்கா டிரைவர் இருக்கையிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. இடுப்பை யாரோ இருக்கையோடு சேர்த்து ஆணியடித்துவிட்ட மாதிரி இருந்தது. கொஞ்சம் அசைந்ததற்கே இடது இடுப்பிலிருந்து முழங்கால் வரை சுரீரென்று ஒரு கோடு இழுத்தது. மறுபடி முயற்சி செய்யப் பயமாக இருந்தது. வண்டிக் குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ எழுதுகிற பாவனையில் இருபது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த நடைக்கு வண்டி எடுக்க வந்த டிரைவர் எட்டிப் பார்த்து, "என்னக்கா, கதை கிதை எழுதறீங்களா?" என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு பேர் சேர்ந்து, பீரோவை வாசலில் சாய்த்துத் திருப்பி எடுப்பது போல அவளை இறக்கினார்கள்.

இருபத்தோரு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். அவள் வண்டி கிளம்புவதும் தெரியாது, நிற்பதும் தெரியாது. நின்றுகொண்டு வருகிறவர்கள்கூடக் கம்பியைப் பிடிக்காமல் பேப்பர் படித்துக்கொண்டு வரலாம். அதனால் டிப்போவில் வைத்த பெயர் பூனை. நாற்பது வயது தாண்டியதும் மரியாதைக்கு ஒரு அக்கா ஒட்டிக்கொண்டது.

ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "கீழ்முதுகுல எலும்புக்கு நடுவுல இருக்கற ஒரு தட்டு லேசா பிதுங்கியிருக்கு. ஆபரேஷன் தேவையில்ல. சந்தோஷப்படுங்க" என்றார். அவளும் சந்தோஷப்படப் பார்த்தாள். ஆனால் அவர் கொடுத்த மாத்திரையைப் போட்டால் வலி போவதற்கு முன்னால் தூக்கம் வந்தது. தூக்கத்தோடு யார் வண்டி ஓட்டுவது?

டிப்போவில் அவளைத் தொலைந்த பொருள் அறைக்கு மாற்றினார்கள். பேருந்துகளில் ஜனங்கள் மறந்துவிட்டுப் போவதையெல்லாம் வாங்கி, சீட்டு கட்டி, அலமாரியில் அடுக்குகிற வேலை. நூற்றுக்கும் மேல் குடைகள். ஒற்றைக் கையுறைகள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பல்செட். அதைத் தொலைத்தவர் எப்படிச் சாப்பிடுகிறாரோ என்று அவளுக்கு ஒரு வாரம் கவலை. ஜன்னல் வழியே பார்த்தால் வண்டிகள் கிளம்புவது தெரியும். பதினேழாம் எண் வண்டியை, அவளுடைய வண்டியை, ஒருத்தன் கிளட்ச்சைக் கதறக் கதற விட்டு எடுத்துக்கொண்டு போவான். அவள் ஜன்னலைச் சாத்திவிடுவாள்.

அப்புறம் ஒரு கடிதம் வந்தது. ஆறு மாதத்துக்குள், இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிக் காட்டுகிற உடல்தகுதிச் சோதனையில் தேற வேண்டும். இல்லையென்றால் நிரந்தரமாக இதே அறை.

"நிரந்தரமா குடை எண்ணச் சொல்றாங்க" என்று வீட்டில் கடிதத்தை மேசைமேல் போட்டாள். அவள் கணவர், ஒயர்மேன், கடிதத்தை இரண்டு முறை படித்தார். கட்டட வரைபடம் படிக்கிற பழக்கத்தில் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

அதற்குள் வீட்டில் என்னென்னவோ வந்து சேர்ந்திருந்தது. மூன்று விதமான இடுப்புப் பெல்ட், நடுவில் ஓட்டை போட்ட மெத்தை, மூக்கைப் பிடுங்குகிற தைலம். எல்லாம் நாத்தனாரின் உபயம். ஒயர்மேனின் தங்கையான அவள், கீழ்த்தளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். ஊரில் யார் என்ன காகிதம் கொண்டுவந்தாலும் பிரதி எடுக்கிற சாக்கில் ஒரு கண் பார்த்துவிடுவாள். அப்படித்தான் ஒருநாள் யாரோ கொண்டுவந்த மருத்துவச் சீட்டில், முதுகுவலிக்கு மின்தூண்டல் சிகிச்சை என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டாள். சீட்டுக்கு உரியவரை உட்காரவைத்து விசாரித்து, கடையைப் பூட்டிவிட்டு மாடிப்படி ஏறி ஓடி வந்தாள்.

"அண்ணி, முதுகுல நாலு பட்டை ஒட்டி லேசா கரண்ட் குடுக்கறாங்களாம். அந்த மனுஷன் ரெண்டு மாசமா குனிய முடியாம இருந்தவர். இன்னைக்கு என் கடையில கீழ விழுந்த பேனாவை அவரே எடுத்தாரு. என் கண்ணால பாத்தேன்."

ஒயர்மேன் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். "கரண்ட்டா? முப்பது வருஷமா அது நம்ம உடம்புல ஏறிடக்கூடாதுன்னு பாத்துப் பாத்து வேலை செய்யறேன். நீங்க அப்பாயின்ட்மென்ட் வாங்கி ஏத்திக்கப் போறீங்களா?"

"நீங்க வயரிங் பண்ணின வீட்டுல பதினெட்டு வருஷமா குடியிருக்கோம், அதைவிடவா ஆபத்து?" என்றாள் தங்கை.

கிளம்பும்போது ஒயர்மேன் கரண்ட் பார்க்கிற டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கூட வந்தார்.

பிசியோதெரபிஸ்ட் முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். பேச்சில் சுற்றிவளைப்பே இல்லை. பூனையக்காவை நடக்கச் சொன்னாள், குனியச் சொன்னாள், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். ஸ்கேனைப் பார்த்தாள். இதயத்தில் பேஸ்மேக்கர் ஏதாவது உண்டா என்று கேட்டாள். இல்லை என்றதும் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தாள். பழைய ரேடியோவில் பாதி அளவு. அதிலிருந்து இரண்டு ஒயர்கள், ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்து, நுனியில் பசையுள்ள சதுரப் பட்டைகள்.

"இது எத்தனை வோல்ட்?" என்றார் ஒயர்மேன்.

"ஒன்பது வோல்ட் பேட்டரி சார். வேணும்னா முதல்ல உங்க கையில போட்டுக் காட்டட்டுமா?"

அவர் எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்காரி பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்வாங்கவும் முடியாது. சட்டைக் கையை மடித்து நீட்டினார். பிசியோ முன்கையில் இரண்டு பட்டைகளை ஒட்டிப் பொத்தானை மெல்ல ஏற்றினாள். "எறும்பு ஓடற மாதிரி இருக்கு" என்றார். இன்னும் கொஞ்சம் ஏற்றியதும் அவருடைய கட்டை விரல் தன்னிச்சையாக மேலும் கீழும் குதிக்கத் தொடங்கியது. அவர் அதை மறு கையால் பிடித்து நிறுத்தப் பார்த்தார். அது நிற்கவில்லை. மாதக்கணக்கில் சிரிக்காத பூனையக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இவ்வளவு ஏத்தக் கூடாது" என்று பிசியோ குறைத்தாள். "சதை துடிச்சா அதிகம்னு அர்த்தம். நல்லா உணரணும், ஆனா உறுத்தக் கூடாது. அந்த இடம்தான் நமக்கு வேணும்."

பூனையக்காவைக் குப்புறப் படுக்கவைத்து, கீழ்முதுகில் தண்டுக்கு இரண்டு பக்கமும் பட்டைகளை ஒட்டினாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மெல்லிய குறுகுறுப்பு. பிறகு மழைத்தூறல் விழுகிற மாதிரி படபடவென்று ஓர் அதிர்வு. அவள் பல்லைக் கடித்துக் காத்திருந்தாள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். வலி எங்கே என்று உள்ளுக்குள் தேடினாள். இருந்தது. ஆனால் பக்கத்து வீட்டில் யாரோ சண்டை போடுகிற சத்தம் மாதிரி, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"வலியைச் சொல்ற நரம்பும், தொடறதைச் சொல்ற நரம்பும் தண்டுவடத்துல ஒரே வாசல் வழியாத்தான் மூளைக்குப் போகுதுன்னு வச்சுக்கங்க" என்றாள் பிசியோ. "இந்தக் குறுகுறுப்பு வாசல்ல போய் நெருக்கியடிச்சு நிக்குது. வலிக்கு உள்ளே போக வழி கெடைக்கல. எல்லாருக்கும் இப்படிக் கேக்காது. உங்களுக்குக் கேக்குது."

அரை மணி கழித்துப் பட்டைகளைக் கழற்றிய பிறகு பூனையக்கா எழுந்து நின்றாள். கைப்பிடி எதையும் தேடவில்லை. கதவு வரை நடந்தாள், திரும்பி வந்தாள். மறுபடியும் நடந்தாள். "என்னங்க, வலிக்கல" என்றாள். "நெஜமாவே வலிக்கலங்க." ஒயர்மேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சுவரிலிருந்த ஸ்விட்ச்போர்டை ஆராய்வது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு மெஷினை வீட்டுக்கே கொடுத்தனுப்பினாள் பிசியோ. கூடவே உடற்பயிற்சிப் படங்கள் போட்ட ஒரு தாளும். அந்தத் தாள் பெட்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

அடுத்த ஆறு வாரம் பூனையக்காவுக்கு மெஷின்தான் தெய்வம். காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி. போட்டு எடுத்தால் ஒரு மணி, சில நாள் ஒன்றரை மணி நேரம் வலி அடங்கும். அந்த நேரத்தில் நிம்மதியாகக் கட்டிலில் நீட்டிப் படுத்துத் தூங்குவாள். எத்தனை மாதத் தூக்கம் பாக்கி! வேலைக்குப் போகும்போது சட்டைக்குள் ஒட்டிக்கொண்டே போனாள். குடைகளுக்கு நடுவே நின்றுகொண்டு இடுப்பிலிருந்த பெட்டியைத் தட்டிப் பார்த்துக்கொள்வாள். ஒருநாள் தைரியம் முற்றி, சோதனை எடுக்கிற இன்ஸ்பெக்டரின் அறைக்கே போய் நின்றாள்.

அவருக்கு டிப்போவில் சல்லடை என்று பெயர். எவ்வளவு நல்ல டிரைவரையும் சலித்துத்தான் கீழே விடுவார்.

"சார், நான் சோதனைக்கு ரெடி. இதை மாட்டிக்கிட்டு ரெண்டு மணி நேரமும் அசால்ட்டா ஓட்டுவேன்" என்று சட்டைக்கு மேலேயே பெட்டியைத் தொட்டுக் காட்டினாள்.

சல்லடை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அதை மாட்டிக்கிட்டு வண்டி ஓட்டவே கூடாதும்மா. திடீர்னு ஷாக் ஏறி நீங்க துள்ளினா, பின்னாடி அறுபது பேர் இருக்காங்க. அதோட விளக்கத்தாள்லயே போட்டிருக்குமே, படிக்கலையா?"

படிக்கவில்லை. அன்று சாயங்காலம் வீட்டில் ஒயர்மேன் விளக்கத்தாளை விரித்து, விரலை வைத்து வரியைக் காட்டினார். வாகனம் ஓட்டும்போது பயன்படுத்தக் கூடாது. கறுப்புக் கட்டத்துக்குள் தடித்த எழுத்தில் இருந்தது.

மறுநாள் பிசியோவின் முன்னால் போய் உட்கார்ந்தவளுக்குக் கோபம் மூக்கு நுனியில் நின்றது. "இதை மாட்டிக்கிட்டு ஓட்டக் கூடாதாமே. அப்புறம் எதுக்கு எனக்கு இந்தப் பொம்மை? கழட்டினா ஒரு மணி நேரம். அதுக்கு மேல பழைய குருடிதான்!"

பிசியோ கோபப்படவில்லை. "அந்த ஒரு மணி நேரம் வலி இல்லாம இருந்துச்சே, அப்ப என்ன பண்ணினீங்க?"

"என்ன பண்ணுவேன்? படுத்துத் தூங்கினேன்."

"நான் ஒரு தாள் குடுத்தேனே."

"அது பெட்டிக்கு அடியில கெடக்கு."

"அம்மா, இந்த மெஷின் உங்க முதுகைச் சரி பண்ணாது. வலியைக் கொஞ்ச நேரம் வெளிய நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். வலிக்குப் பயந்து நீங்க அசையாம இருந்ததுல இடுப்புச் சதையெல்லாம் தளர்ந்து கெடக்கு. அதுக்கு வேலை குடுத்தாத்தான் தட்டு மேல விழற பாரம் குறையும். வலியோட அந்த வேலை செய்ய முடியாது. அதுக்காகத்தான் அந்த ஒரு மணி நேரம் வாங்கிக் குடுத்தேன். நீங்க அதைத் தூங்கியே கழிச்சிட்டீங்க."

சுருக்கென்று தைத்தது. இருபத்தோரு வருடத்தில் ஒரு நடைகூடத் தாமதமாக எடுக்காதவள் அவள். ஆறு வாரம் வீணாகிவிட்டது. கடிதத்தில் சொன்ன கெடுவில் மிச்சம் இருந்தது மூன்றரை மாதம்.

"இன்னும் நேரம் இருக்கா?" என்று கேட்டாள்.

"இன்னைக்கே ஆரம்பிச்சா இருக்கு."

அன்றைக்கே ஆரம்பித்தாள். பெட்டிக்கு அடியிலிருந்து தாள் வெளியே வந்தது. நாத்தனார் அதைப் பெரிதாக்கி நான்கு பிரதி எடுத்து, கூடத்தில், படுக்கையறையில், சமையலறையில், மாடிப்படிச் சுவரில் ஒட்டினாள். உள்ளங்கையும் முழங்காலும் தரையில் ஊன்றி நின்று ஒரு கையையும் எதிர்க் காலையும் நீட்டுவது, மல்லாந்து படுத்து இடுப்பைப் பாலம் போலத் தூக்குவது, சுவரில் முதுகு வைத்து நாற்காலி இல்லாமல் உட்காருவது. மெஷினைக் கழற்றிய நிமிடமே பயிற்சி. பிறகு தெருவைச் சுற்றி நடை. ஒயர்மேன் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவார். எண்ணும்போது நடுநடுவே அன்றைய வேலைக் கதையைச் சொல்லத் தொடங்கி எண்ணிக்கையை விட்டுவிடுவார்.

"எட்டு சொன்னீங்களா, ஒன்பதா?" என்று பாலத்தின் உச்சியிலிருந்து கத்துவாள் இவள்.

"மறந்துடுச்சு. ஆறுலேருந்து வச்சுக்கோ."

"என் இடுப்பு என்ன உங்க மீட்டர் பெட்டியா, நெனச்ச இடத்துலேருந்து ஓட்டறதுக்கு!"

முதல் வாரம் நான்கு முறை தூக்குவதற்குள் கால் நடுங்கியது. மூன்றாவது வாரம் பத்து. ஐந்தாவது வாரம் மாடிப்படியில் கைப்பிடியை விட்டுவிட்டு இறங்கினாள். ஏழாவது வாரத்தில் ஒருநாள் காலை முகம் கழுவும்போது ஒரு தும்மல் வந்தது. ஒரே ஒரு தும்மல்தான். குனிந்தவள் நிமிர முடியாமல் தொட்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். அந்தப் பழைய கோடு, இடுப்பிலிருந்து முழங்கால் வரை, அதே இடத்தில் இழுத்தது.

அன்று முழுக்கக் கட்டிலிலேயே கிடந்தாள். "குடை எண்ணறதுக்கே பொறந்திருக்கேன் போல" என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள். நாத்தனார் கடையை மூடிவிட்டு அவளைக் கைத்தாங்கலாகப் பிசியோவிடம் கூட்டிப் போனாள்.

பிசியோ காலைத் தூக்கிப் பார்த்தாள், பாதத்தில் தட்டிப் பார்த்தாள், கட்டை விரலை அழுத்தச் சொன்னாள். "பலம் போகல. உணர்ச்சி போகல. வலி வந்துச்சுன்னா உடைஞ்சு போச்சுன்னு அர்த்தம் இல்லம்மா. போன தடவை இப்படி வந்தப்ப எத்தனை நாள் படுத்தீங்க?"

"பதினெட்டு நாள்."

"இந்தத் தடவை எத்தனை நாள்னு எண்ணிப் பாருங்க. மெஷின் போடுங்க, பயிற்சியைப் பாதியாக் குறைங்க. ஆனா நிறுத்தாதீங்க."

எண்ணிப் பார்த்தாள். மூன்று நாள். நான்காவது நாள் காலையில் கூடத்தில் பாலம் எழும்பியது. அதற்கப்புறம் அவள் வலியைக் கண்டு பயப்படவில்லை. வந்தால் வரட்டும், மூன்று நாள் விருந்தாளி என்று ஆகிவிட்டது.

மெஷின் தேவைப்படுகிற நாட்கள் குறைந்தன. தினம் இரண்டு தடவை என்பது ஒரு தடவையாகி, ஒருநாள் விட்டு ஒருநாளாகி, கடைசி மாதத்தில் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ. தொலைந்த பொருள் அறையில் மேல் தட்டுப் பெட்டிகளை அவளே ஏறி இறக்கினாள். இடைவேளையில் பழுதுபார்க்க நிறுத்தியிருந்த ஒரு பேருந்தில் ஏறி உட்கார்ந்து, என்ஜின் அணைந்திருக்கையிலேயே கிளட்ச்சை நூறு தடவை மிதிப்பாள். மெக்கானிக்குகள் ஒன்றும் சொல்லவில்லை. எண்ணிக்கையை மட்டும் சேர்ந்து எண்ணினார்கள்.

சோதனை நாள் வந்தது. சல்லடை ஒரு தாளும் பேனாவுமாகப் பக்கத்தில் நின்றார். முதலில் அவள் சட்டையின் இடுப்பைத் தடவிப் பார்க்கும்படி அலுவலகப் பெண் ஒருத்தியிடம் சொன்னார். "ஒண்ணும் இல்ல சார்" என்றாள் அவள். "என் சொந்த முதுகு மட்டும்தான் சார் இருக்கு" என்றாள் பூனையக்கா.

வண்டி கிளம்பியது. சல்லடை கம்பியைப் பிடிக்காமல் நின்று எழுதினார். திடீர் பிரேக் போடச் சொன்னார், போட்டாள். சந்துக்குள் பின்னால் எடுக்கச் சொன்னார், இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்து எடுத்தாள். இறங்கி, பின்பக்கக் கதவைத் திறந்து, குனிந்து சக்கரம் பார்க்கச் சொன்னார். அதுவும் ஆயிற்று. ஒன்றரை மணி நேரம் சுளுவாகப் போய்விட்டது. மீதி இருந்தது பெரிய மருத்துவமனைக்குப் போகிற மேட்டுச் சாலை.

அங்கேதான் வந்தது வினை. சாலையின் பாதியைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மேட்டின் அடிவாரத்திலிருந்து உச்சி வரை வண்டிகள் அசையாமல் நின்றன. இரண்டடி நகரும், நிற்கும். மூன்றடி நகரும், நிற்கும். ஏற்றத்தில் நிற்கிற கனமான வண்டி. ஒவ்வொரு தடவையும் கிளட்ச்சைப் பாதி மிதித்துப் பிடித்து, பின்னால் ஒரு சாண்கூட உருளாமல் எடுக்க வேண்டும். ஆரோக்கியமான டிரைவருக்கே இடுப்பு கழன்று போகிற வேலை.

"திரும்பிடலாமா?" என்றார் சல்லடை. "இது சோதனையில சேராது."

அவள் கண்ணாடியில் பார்த்தாள். திரும்ப இடம் இல்லை. இருந்திருந்தாலும் திரும்பியிருக்க மாட்டாள். "மேல போயிடலாம் சார்."

இருபதாவது மிதியில் இடது தொடையில் ஒரு சின்ன எரிச்சல் எழுந்தது. அவள் மூச்சை இழுத்து, பிசியோ சொல்லிக் கொடுத்தபடி அடிவயிற்றை உள்ளே இறுக்கினாள். இடுப்பு இருக்கையில் அசையாமல் உட்கார்ந்தது. கால் மட்டும் தன் வேலையைச் செய்தது. ஐம்பதுக்கு மேல் எண்ணவில்லை. முன்னால் ஒரு லாரி இரண்டு தடவை பின்னால் உருண்டு அவள் வண்டியின் மூக்கை உரசப் பார்த்தது. இரண்டு தடவையும் இடைவெளி விட்டு நின்றாள். நாற்பத்தைந்து நிமிடம். கடைசியில் மேட்டின் உச்சியில் சாலை விரிந்தபோது கியரை மாற்றினாள். வண்டி மூச்சு விட்டது போல ஓடியது. எரிச்சல் எப்போதோ அடங்கிப் போயிருந்ததை அப்போதுதான் கவனித்தாள்.

டிப்போவுக்குள் வந்து நின்றதும் சல்லடை கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு மணி ஐம்பது நிமிடம். பேனாவை மூடாமல் அவளையே பார்த்தார்.

"இன்னொரு ரவுண்டு போகச் சொன்னா?"

"டீ குடிச்சிட்டுப் போலாமா, இப்பவே போலாமா சார்?"

சல்லடை சிரித்து அந்த டிப்போவில் யாரும் பார்த்ததில்லை. அன்று மெக்கானிக் ஷெட் முழுக்கப் பார்த்தது. தாளைப் பேருந்தின் பக்கவாட்டிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். அவள் அதை வாங்கிக்கொண்டு, இருக்கையிலிருந்து எழுந்து, மூன்று படிகளையும் யார் கையும் பிடிக்காமல் முன்பக்கமாகப் பார்த்தபடி இறங்கினாள். யாரோ விசிலடித்தார்கள். யாரோ ஷெட்டுக்குள்ளிருந்து ஸ்பானரால் இரும்புத் தூணில் தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். பிசியோவுக்குப் போன் போட்டபோது அந்தச் சத்தத்தில் பேச முடியவில்லை. "கேக்குதா? கேக்குதா?" என்று மட்டும் சொன்னாள். "கேக்குதும்மா! நல்லாக் கேக்குது!" என்று அந்தப் பக்கத்திலிருந்தும் கத்தல்.

திங்கட்கிழமை காலை முதல் நடையில் பதினேழாம் எண் வண்டி அவளுடையது. ரயில் நிலையத்து நிறுத்தத்தில் நெரிசலோடு நெரிசலாக ஒயர்மேன் கருவிப் பையுடன் ஏறினார். டிக்கெட் வாங்கினார். டிரைவருக்குப் பின்னால் இருக்கிற முதல் இருக்கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவரிடம் ஆரம்பித்து, எதிரில் இருந்தவர், நின்றவர், புதிதாக ஏறினவர் என்று ஒருவரையும் விடவில்லை.

"என் சம்சாரம்தான் ஓட்டறாங்க. ஏழு மாசத்துக்கு முன்னாடி எழுந்திருக்க முடியாது. இப்ப பாருங்க. கொஞ்சமாவது குலுங்குதா? சொல்லுங்க, குலுங்குதா?"

"இல்லைங்க" என்றார்கள் ஜனங்கள்.

முன்னால் மேடு வந்தது. தோண்டின பள்ளத்தை மூடியிருந்தார்கள். பூனையக்கா கியரை இறக்கி, நிரம்பி வழிகிற வண்டியை ஒரே மூச்சில் மேலே ஏற்றினாள். காலைவெயில் முன்கண்ணாடி முழுக்க விழுந்தது. கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். அவர் எழுந்து நின்று, இரண்டு கையையும் விரித்து, ஒரு பெரியவருக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார்.

"என்னங்க" என்றாள் அவள், பார்வையைச் சாலையிலிருந்து எடுக்காமல். "உங்க ஸ்டாப் போயி ரெண்டு ஸ்டாப் ஆச்சு."

வண்டி முழுக்கச் சிரித்தது.